கடற்கரைக்குக் கணக்கெழுதுவார் யார்?

வேலிக் கதியால் ஒன்று அரை முழம் தள்ளி நாட்டப்பட்டால் வழக்குத் தொடுக்கும் சமூகம் நம்முடையது. நில அளவையாளரை அழைப்போம். பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய உறுதியைத் தூசி தட்டி எடுப்போம். மூன்று தலைமுறை கண்ட முதியவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவோம். இதனைக் குறையென்று யான் கூறவில்லை. நிலத்தின் அருமையறிந்த மக்களின் இயல்பு அது. ஆனால், அரை முழ வேலிக்காக ஆறாண்டு வழக்காடும் அதே மக்கள், கடல் பத்து முழம் உள்ளே வந்துவிட்டபோதும், தலைமுறை தலைமுறையாய் நின்ற மணற்றிட்டி உழவியந்திரங்களில் ஏறிப் போய்விட்டபோதும், அது எந்த ஆண்டு, எந்த மாதம், எவ்வளவு என்று சொல்ல ஒரு துண்டுக் கடதாசியும் வைத்திருப்பதில்லை. "முந்தி இங்கே பெரிய வெளி கிடந்தது" என்று கையை நீட்டிக் காட்டுவோம். அந்தக் கைநீட்டலை எந்த நீதிமன்றமும் அளந்து தீர்ப்பெழுதாது.

வடமராட்சி கிழக்கில், மணற்காடு தொடங்கிக் குடத்தனை, அம்பன், நாகர்கோவில், மருதங்கேணி, உடுத்துறை, ஆழியவளை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு என்று சுண்டிக்குளம் வரை நீளும் கரையை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் வங்கக் கடல், மறு பக்கம் நீரேரி, இடையே மணல். அக்கரையோரக் காணிகளின் உறுதிகளில் "கிழக்கெல்லை கடற்கரை" என்ற சொற்றொடரைக் காணலாம். மற்ற மூன்று எல்லைகளும் மதிலாய், வேலியாய், ஒழுங்கையாய் நின்ற இடத்தில் நிற்கும். இந்த நாலாவது எல்லையோ நடக்கும் எல்லை. நடக்கும் எல்லைக்குத்தான் நாட்குறிப்பு வேண்டும். நாமோ நில்லாத எல்லையை மறந்துவிட்டு நிற்கும் எல்லைகளுக்காக அடித்துக்கொள்கிறோம்.

இக்கட்டுரையின் கருத்து ஒன்றே ஒன்று. நம் கடற்கரையின் ஒவ்வொரு மைலுக்கும் ஓர் ஏடு வேண்டும். அதனை அக்கரையில் வாழும் மக்களே எழுத வேண்டும். இதற்குப் பெரும் பணமோ பட்டப்படிப்போ தேவையில்லை. தேவைப்படுவது ஒழுங்கு ஒன்றே.

மணல் நிற்பதில்லை

கரையரிப்பு என்றவுடன் கடல் நிலத்தைத் தின்கிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதனிலும் நுண்ணியது. வாடை பெயரும் காலத்தில் உயரும் அலை கரை மணலை வாரி இழுத்துச் சென்று சற்றுத் தொலைவில் கடலடியில் மேடாகக் குவிக்கிறது. காற்று அடங்கி அலை தணிந்த மாதங்களில் அந்த மணலிற் பெரும் பங்கு மெல்ல மெல்லக் கரைக்குத் திரும்புகிறது. அன்றியும், அலை சாய்வாக வந்து மோதும் இடங்களில் மணல் கரையோரமாகவே பயணம் செய்கிறது. ஒரு கிராமத்துக் கரையில் இன்று கிடக்கும் மணல் நாளை அடுத்த கிராமத்துக்கு உரியது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் பிறக்கின்றன. முதலாவது, ஆண்டில் ஒரு நாள் வந்து அளந்து போகின்றவன் கண்ட கணக்குப் பொய்க்கணக்காக முடியலாம். மார்கழியில் அளந்தவன் கரை அழிந்தது என்பான். ஆவணியில் அளந்தவன் கரை வளர்ந்தது என்பான். இருவரும் தாம் கண்டதைச் சொன்னவர்களே. இருவரும் முழு உண்மையைக் காணாதவர்கள். இவ்வாண்டு மார்கழியை அடுத்த ஆண்டு மார்கழியோடு ஒப்பிட்டாலன்றிப் போனது எது, திரும்பியது எது என்று தெரியாது. அவ்வாறு மாதந்தோறும் ஆண்டுதோறும் பார்க்கக் கூடியவர் அக்கரையில் வாழ்பவரேயன்றி, கொழும்பிலிருந்து வாகனத்தில் வந்து மாலைக்குள் திரும்பும் அலுவலர் அல்லர்.

இரண்டாவது, ஓரிடத்தில் மணலைத் தடுத்தால் மற்றோரிடம் அழியும். இதற்குத் தூர தேசத்து உதாரணம் தேட வேண்டியதில்லை; அம்பாறை மாவட்டத்து ஒலுவில் போதும். 2013 செப்ரெம்பரில் திறந்து வைக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டப்பட்ட கல்லணைகள், வடக்கு நோக்கிப் பயணம் செய்த மணலை வழியிலே மறித்தன. துறைமுக வாயில் மணலால் அடைபட்டது. மணல் வரத்து அற்றுப்போன வடபுறத்துக் கரையோ அரிபட்டது; தென்னந் தோட்டங்கள் வேரோடு கடலுட் சாய்ந்தன. நிந்தவூர்ப் பக்கமும் அக்கேட்டுக்குத் தப்பவில்லை. வாயை அடைத்த மணலை அகற்றுங்கள் என்று மீனவர் கேட்டனர். எங்கள் கரைக்கு மணலைத் தாருங்கள் என்று காணிக்காரர் கேட்டனர். ஒரே ஊரின் உழவனும் மீனவனும் எதிரெதிரே நிற்கும் நிலை வந்தது. மணலின் கணக்கை முன்னரே மதியாமற் கட்டியதன் விலை இதுவன்றி வேறென்ன?

உழவனுக்கு இதில் என்ன?

"கடற்கரை மீனவன் பாடு, தோட்டக்காரனுக்கு அதில் என்ன?" என்று கேட்போர் உளர். அவர்களுக்கு இரண்டு கணக்குகளைக் காட்டுகிறேன்.

ஒரு கிலோ மீற்றர் நீளக் கரையில் ஒரே ஒரு மீற்றர் அகலம் நிலையாகப் போய்விட்டது என்று கொள்வோம். கண்ணுக்கு அது ஒன்றுமில்லை, ஒரு காலடி. ஆனால் அது 1,000 சதுர மீற்றர்; கால் ஏக்கர்; நம் வழக்கிற் சொன்னால் ஏறத்தாழ நாலு பரப்பு. நாலு பரப்புக் காணியை அயலவன் பிடித்துக்கொண்டால் நாம் சும்மா இருப்போமா?

இரண்டாவது கணக்குக் கிணற்றைப் பற்றியது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை. மாரி மழை நிலத்துள் இறங்கி, உவர் நீரின் மேல் மிதக்கும் நன்னீர்ப் படுகையாக நிற்கிறது. அந்த மிதப்பை நம்பியே நம் வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் விளைகின்றன. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி உயரம் நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீர் ஆய்வோர் கண்ட பொது விதி. மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து 40 அடிக்கு உவர் ஏறும் என்பதே அதன் மறுபக்கம். கரையோர மணற்றிட்டிகள் மழை நீரை உறிஞ்சி வைத்திருக்கும் பாத்திரங்கள். திட்டியை வெட்டி ஏற்றுபவன் மணலை மட்டும் ஏற்றவில்லை; அதனடியில் நிற்கும் குடிநீரையும் சேர்த்தே ஏற்றுகிறான்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26 இல் வந்த ஆழிப் பேரலை இலங்கையில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போயிற்று. மருதங்கேணியும் உடுத்துறையும் முல்லைத்தீவும் அன்று பட்டதை எழுத்தில் வடிக்க இயலாது. அதன் பின்னர் தென்கிழக்கில் யாலக் கரையை ஆராய்ந்தோர், மணல்மேடு குலையாமல் நின்ற இடங்கள் பின்னிருந்த நிலத்தைக் காத்ததையும், மேடு அகற்றப்பட்ட இடத்து விடுதி அடியோடு அழிந்ததையும் எடுத்துக் காட்டினர். மணற்றிட்டி என்பது யாரும் சம்பளம் கொடுக்காத காவற்காரன். அந்தக் காவற்காரன் நாள்தோறும் குறைகிறானா என்று பார்க்க வேண்டாமா?

எண்ணியவர் வென்றனர்

கரையிற் செத்துக் கிடக்கும் ஆமையை எண்ணி என்ன பயன் என்று நகைப்போருக்கு நாட்டின் உயர் நீதிமன்றமே விடை கூறியுள்ளது.

2021 மே 20 இல் கொழும்புக்கு அப்பால் நின்ற எக்ஸ்பிரஸ் பேர்ல் என்ற கொள்கலன் கப்பல் தீப்பற்றியது. யூன் 2 இல் அது அமிழத் தொடங்கியது. அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது. கடுகினும் சற்றுப் பெரிய பிளாஸ்ரிக் மணிகள் ஆயிரம் தொன்னுக்கு மேல் இருந்தன. அம்மணிகள் மேற்குக் கரையில் முழங்காலளவு குவிந்து கிடந்த இடங்களும் உண்டு. மீன்பிடி தடை செய்யப்பட்டது. சுற்றாடல் அமைப்பினரும் கத்தோலிக்க சமயத் தலைவரும் கடற்றொழிலாளரும் வழக்குத் தொடுத்தனர். 2025 யூலை 24 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 417 ஆமைகளும் 48 ஓங்கில்களும் 8 திமிங்கிலங்களும் இறந்தமை தன் முன் வைக்கப்பட்ட சான்றுகளால் உறுதியாகிறது என்று கண்ட நீதிமன்றம், நூறு கோடி அமெரிக்க டொலரை இழப்பீடாகச் செலுத்துமாறு கப்பல் தரப்பினருக்குக் கட்டளையிட்டது.

அத்தொகையைச் செலுத்த முடியாதென்று நிறுவனத்தார் பின்னர் கூறியதும், கட்டளையை நிறைவேற்றுவது வேறொரு போராட்டமாக மாறியதும் உண்மை. ஆயினும் சட்டம் கற்றோர் கவனிக்க வேண்டியது வேறொன்று. 417 என்ற எண் வானத்திலிருந்து விழவில்லை. கரைதோறும் ஒதுங்கிய உடல்களை யாரோ பார்த்தனர்; யாரோ குறித்தனர்; யாரோ எடுத்துச் சென்று சோதித்தனர். செத்த ஆமை எண்ணப்பட்டபோது சான்றாயிற்று. எண்ணப்படாத ஆமை மணலிற் புதைந்து நாற்றமாய்ப் போயிற்று.

இத்துடன் அக்கதை முடியவில்லை. 2025 மே 25 இல் கேரளக் கரைக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற மற்றொரு கப்பல் மூழ்கியது. சில வாரங்களில் அதே போன்ற பிளாஸ்ரிக் மணிகள் மன்னார் உள்ளிட்ட நம் கரைகளில் ஒதுங்கின. கடலுக்குக் கடவைச்சீட்டு இல்லை. கொச்சியில் மூழ்கியது மன்னாரில் ஒதுங்கும். வாடைக் காலத்து நீரோட்டம் வங்கக் கடலின் மறுகரைப் பொருள்களை வடமராட்சியிற் சேர்க்கும். முதல் மணி எந்த நாளில், எந்தக் கரையில் ஒதுங்கியது என்று சொல்லக்கூடியவர் யார்? அதிகாலையிற் கரைவலை இழுக்க வருபவர். அவர் கண்டதை எழுதி வைத்தாரா என்பதே கேள்வி.

வழக்கம் சட்டமாவது எழுத்தினால்

இது புதிய யோசனையன்று. அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒறிகன் என்றொரு மாநிலம் உண்டு. ஏறத்தாழ 360 மைல் கடற்கரை அதற்கு. 1913 இல் அங்கு ஈர மணற்பரப்பு முழுவதையும் பொதுப் பெருந்தெரு என்று சட்டஞ் செய்தனர். 1966 இல் விடுதி உரிமையாளர் ஒருவர் தம் விடுதி முன்னிருந்த உலர்ந்த மணலை அடைத்துத் தம் விருந்தினருக்கு மட்டும் ஒதுக்கினார். மக்கள் கொதித்தெழுந்தனர். 1967 இல் கடற்கரைச் சட்டம் வந்தது. 1969 இல் அம்மாநில உயர் நீதிமன்றம், மக்கள் தொன்று தொட்டுத் தடையின்றி, அமைதியாகப் பயன்படுத்தி வந்த வழக்கமே அம்மணலில் அவர்களுக்கு உரிமை தருகிறது என்று தீர்த்தது. உரிமையை வென்ற பின் அம்மக்கள் உறங்கிவிடவில்லை. கரைகள் பாதுகாப்புக் கூட்டமைப்பு ஒன்றை நிறுவினர். அது 1993 முதல் கரை முழுவதையும் மைல் மைலாகப் பிரித்து, மைலுக்கு ஒருவரோ பலரோ பொறுப்பேற்கச் செய்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் தம் மைலை நடந்து, கண்ட உயிரினம், அலை ஒதுக்கிய பொருள், அரிபட்ட கரை, மனிதர் செய்த மாற்றம் ஆகியவற்றை எழுதிக் கொடுப்பது அவர் கடமை. அவர்களிற் பெரும்பாலோர் விஞ்ஞானிகளல்லர்; ஆசிரியர், ஓய்வு பெற்றோர், கடைக்காரர் போன்ற சாதாரண மக்கள்.

வழக்கம் எழுத்தில் ஏறினாற்றான் சட்டமாகும் என்பதை ஒறிகனிடம் கற்க வேண்டிய தேவை யாழ்ப்பாணத்தவனுக்கு இல்லை. தேசவழமை எவ்வாறு சட்டமாயிற்று? நூற்றாண்டுகளாக மக்கள் நாவிலும் நடையிலும் வாழ்ந்த வழக்கங்களை 1707 இல் ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தெழுதினார். தமிழில் பெயர்க்கப்பட்ட அதனைப் பன்னிரு முதலியார்கள் படித்துச் சரியென ஒப்பினர். 1806 இல் ஆங்கிலேயர் அதனைச் சட்டமாக ஏற்றனர். எழுதப்பட்டமையாற் சீதனமும் முதுசொமும் தேடிய தேட்டமும் இன்றும் நீதிமன்றிற் செல்லுபடியாகின்றன. எழுதப்படாத வழக்கங்கள் எத்தனை மறைந்தன என்று யார் அறிவார்? எந்தக் கரையில் எவர் வலை வளைத்தார், எங்கே வாடி போட்டார், எந்த வழியால் வண்டில் இறங்கிச் சாதாளை அள்ளித் தோட்டத்துக்கு எருவாகக் கொண்டு போயிற்று என்பனவும் வழக்கங்களே. அவையும் இன்று பாட்டன் நினைவில் மட்டுமே உள்ளன. கரை வேலியடைக்கப்படும் நாளில் அந்த நினைவு போதாது.

சட்டம் திகதியைக் கேட்கும்

நம் நாட்டிற் சட்டம் இல்லாமல் இல்லை. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டம், உயர் நீர்க் குறியிலிருந்து நிலப்புறம் 300 மீற்றரையும், தாழ் நீர்க் குறியிலிருந்து கடற்புறம் 2 கிலோ மீற்றரையும் கரையோர வலயம் என வரையறுக்கிறது. அவ்வலயத்துள் அபிவிருத்தி வேலை செய்வோர் அனுமதி பெற வேண்டும். ஆமைகளைக் காக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் உண்டு. கடல் மாசடைவதைத் தடுக்க 2008 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் உண்டு. சுண்டிக்குளம் 1938 இலேயே சரணாலயமாக்கப்பட்டு, 2015 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. இயற்கை வளங்களை அரசு மக்களின் நம்பிக்கைப் பொறுப்பாளனாகவே வைத்திருக்கிறது என்ற கோட்பாட்டை எப்பாவல வழக்கில் 2000 ஆம் ஆண்டிலேயே உயர் நீதிமன்றம் வலியுறுத்தியது.

ஆனால் ஒவ்வொரு சட்டமும் நம்மை நோக்கிக் கேட்கும் முதற் கேள்வி: எப்போது? எங்கே? எவ்வளவு? உயர் நீர்க் குறி சென்ற பத்தாண்டில் எங்கே நின்றது என்று தெரியாமல் 300 மீற்றரை எங்கிருந்து அளப்பது? அடிப்படை உரிமை மீறலுக்கு அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றை நாடுவோர் ஒரு மாதத்துள் நாட வேண்டும். மணல் அகழ்வு "எப்போதோ" தொடங்கியது என்று வருபவருக்கு அந்த வாயில் திறப்பது அரிது.

ஏட்டுக்குச் சட்டத்தில் இடமுண்டு. சாட்சி ஒருவர், சம்பவம் நிகழ்ந்த வேளையில், அல்லது அது நினைவில் பசுமையாயிருந்தபோது, தம் கையால் எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ள 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் அனுமதிக்கிறது. குறுக்கு விசாரணையில் தடுமாறும் நல்ல சாட்சிகளை நீதிமன்றங்களில் நாளாந்தம் காண்கிறோம். அவர்கள் பொய்யரல்லர், குறிப்பில்லாதவர்கள். ஐந்தாண்டு தவறாமல் எழுதிய ஓர் ஏட்டுடன் கூண்டேறும் மீனவரை எந்த அப்புக்காத்தும் எளிதில் அசைத்துவிட முடியாது. அன்றியும் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், மணல் அனுமதிப் பத்திரம் யாருக்கு, எத்தனை கியூப்புக்கு வழங்கப்பட்டது என்று கேட்டுப் பெறலாம். அனுமதித்த அளவு அலுவலகத்தில் இருக்கிறது. ஏற்றிய அளவு நம் ஏட்டில் இருக்க வேண்டும். இரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்தால் வழக்குத் தானே பேசும்.

ஏட்டில் எழுத வேண்டியவை

ஒரு மைலுக்கு ஒரு தடித்த அட்டைக் கொப்பி போதும். ஒவ்வொரு மாதமும் ஒரு குறித்த நாளில், புயலோ கடும் வாடையோ அடித்தால் அதன் மறுநாளும், இருவர் நடக்க வேண்டும். ஒருவர் பார்க்க, ஒருவர் எழுத. தலைப்பில் திகதி, நேரம், காற்றின் திசை, கடலின் நிலை. அடியில் இருவரின் ஒப்பம்.

முதலாவது, கரையின் அகலம். மைலில் மூன்று அசையாத குறிகளைத் தெரிக. கோயில் மதில் மூலையோ, நில அளவைக் கல்லோ, கொங்கிறீற் தூணோ ஆகலாம். மரம் வேண்டாம், மரம் சாயும். குறியிலிருந்து மணற்றிட்டியின் அடிவரையும், அங்கிருந்து அலை ஏறிய கோடு வரையும் நாடா பிடித்து அளக்க. அதே இடத்தில் நின்று, அதே திசை நோக்கிக் கைத்தொலைபேசியால் ஒரு படம் எடுக்க. நம் கடலில் ஏற்றவற்று ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆதலால் அலை ஏறிய கோட்டைக் காண்பது எளிது.

இரண்டாவது, அந்தக் கோட்டில் ஒதுங்கியவை. சாதாளை எவ்வளவு, அறுந்த வலை, போத்தல், மிதவை எவ்வளவு, தார் உருண்டை உண்டா, பிளாஸ்ரிக் மணி உண்டா. நூறு காலடி தூரத்தை எண்ணினாற் போதும்; ஆனால் ஒவ்வொரு முறையும் அதே நூறு காலடி.

மூன்றாவது, உயிரினங்கள். ஆமை ஏறிய தடம், முட்டையிட்ட குழி, இறந்த உடல். பேராமை, பங்குனி ஆமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை என ஐந்து வகையும் இலங்கைக் கரையில் முட்டையிடுவன. எதுவென்று நம் மீனவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஓட்டின் நீளம், வெட்டுக் காயம், வலைத் தடம் ஆகியவற்றைக் குறிக்க. குழியைக் கிண்டலாகாது. ஆலா, உள்ளான் முதலிய பறவைகள் மணலிற் கூடும் இடத்தை விலகி நடக்க.

நான்காவது, மனிதர் செய்தவை. புதிய கட்டடம், கல்லணை, வேலி, வெட்டப்பட்ட திட்டி, மணல் ஏற்றிய வாகனங்களின் எண்ணிக்கை, சென்ற வழி.

ஐந்தாவது ஒன்றை யான் கட்டாயமாகக் கூறுவேன். கரை வளர்ந்திருந்தால் அதையும் எழுதுக. குப்பை நம் ஊரவர் கொட்டியதாயின் அதையும் எழுதுக. தமக்குச் சாதகமானதை மட்டும் எழுதும் ஏடு மனுவாகும். பாதகமானதையும் எழுதும் ஏடே சான்றாகும்.

தடைகளும் விடைகளும்

"இது அரசாங்கத்தின் கடமையன்றோ?" என்பர். ஆம், சந்தேகமில்லை. நாம் எழுதுவது அரசின் கடமையை நம் தோளிற் சுமப்பதாகாது. அக்கடமையை நினைவூட்டும் கடிதத்துக்குத் திகதியும் அளவும் தேடிக் கொடுப்பதாகும். அரசியலமைப்பின் 27 ஆம் உறுப்புரை சுற்றாடலைக் காப்பது அரசின் பொறுப்பு என்கிறது. 28 ஆம் உறுப்புரை இயற்கையைக் காப்பது ஒவ்வொருவரின் கடமை என்கிறது. நம் பங்கைச் செய்த பின் அவர் பங்கைக் கேட்கும் குரலுக்கு வலு அதிகம்.

"மணல் இல்லாமல் வீடு கட்டுவது எப்படி?" என்பர். நியாயமான கேள்வி. போரினால் இடிந்த வீடுகளைக் கட்டிய மக்களுக்கு மணலின் தேவையைப் பற்றி யாரும் போதிக்க வேண்டியதில்லை. மணலே எடுக்கக் கூடாதென்று யான் வாதிடவில்லை. எங்கே எடுப்பது, எவ்வளவு எடுப்பது, எடுத்த இடம் ஆறுகிறதா என்பதை அளவறிந்து முடிவு செய்ய வேண்டும் என்கிறேன். அளவில்லாத இடத்தில் வலியவன் கை முந்தும். ஏழை தன் வீட்டுக்கு ஒரு பாரம் மணலுக்கு அலைய, வியாபாரி நூறு பாரம் ஏற்றுவான்.

"மீனவனை மாட்டிவிடும் ஏடாக இது மாறாதா?" என்ற அச்சம் உண்டு. இது மெய்யான அச்சம். இதற்கு விடை கூறாமல் எந்தத் திட்டமும் கரையில் வேர்விடாது. ஆமையைக் கொல்வதும் முட்டையை எடுப்பதும் குற்றம். அதற்கு இவ்வேடு திரையாகாது. ஆனால் தவறி வலையிற் சிக்கி இறந்த ஆமையின் உடலிற் கண்டதைக் குறிப்பதே ஏட்டின் வேலை. அது யார் வலை என்று தேடுவது அதன் வேலையன்று. மீனவரின் பெயர் எதுவும் ஏட்டில் ஏறலாகாது என்று முதற் பக்கத்திலேயே எழுதி, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கப் பொதுக் கூட்டத்தில் அதனை நிறைவேற்ற வேண்டும். ஏடு சங்கத்துக்கே சொந்தமாக இருக்க வேண்டும். மேற்குக் கரையில் ஆமையின் சாவை எண்ணியது மீனவனின் இழப்பைக் காட்டவும் உதவிற்று என்பதை மறவற்க.

"மணற் கள்ளர் தாக்கினால்?" என்பதும் வெறும் கற்பனையன்று. ஆகவே தனியே செல்லற்க, இரவிற் செல்லற்க, எவரையும் மறிக்கற்க, வாக்குவாதம் செய்யற்க. எழுதுபவர் காவற்காரரல்லர், சாட்சி. ஏட்டின் படி ஒன்று அதே நாளில் ஊருக்கு வெளியே ஒருவரிடம் போய்ச் சேர வேண்டும். கொப்பியைக் கிழித்தாற் கணக்கும் கிழிந்துவிடும் என்ற நிலை இருக்கலாகாது.

யார் தொடங்குவது?

சனசமூக நிலையங்களும் கடற்றொழிலாளர் சங்கங்களும் கூடினால் மைலைப் பிரிப்பது ஒரு மாலை நேர வேலை. பாடசாலையின் உயர் வகுப்பு மாணவர் அளவையைக் கற்றுக்கொள்ளலாம்; புவியியல் ஆசிரியருக்கு இதனிலும் நல்ல பாடநூல் கிடையாது. பட்டினத்தில் இருக்கும் மருத்துவரும் பொறியியலாளரும் கணக்காளரும் தம் ஊரின் மைல் ஒன்றுக்கு நாடாவும் கொப்பியும் வாங்கிக் கொடுத்து, ஆண்டுக்கொரு முறை கணக்கைத் தொகுத்துத் தரலாம். என்னை ஒத்த சட்டத்தரணிகள் அத்தொகுப்பை உரிய வடிவில் எழுதிப் பிரதேச செயலாளருக்கும், கரையோரம் பேணல் திணைக்களத்துக்கும், கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகார சபைக்கும் பதிவுத் தபாலில் அனுப்பலாம். பதிவுத் தபாற் சீட்டை அதே ஏட்டில் ஒட்டி வைக்க மறக்கலாகாது. பதில் வராமையும் ஒரு சான்றே.

2025 இல் மன்னார்த் தீவு மக்கள் காற்றாலைத் திட்டத்துக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராகத் தெருவில் இறங்கியபோது நாடு முழுவதும் அவர்கள் குரலைக் கேட்டது. தெருவில் நிற்கும் குரலுக்கு ஏட்டில் நிற்கும் எண் துணை வேண்டும். குரல் அதிகாரியைத் திரும்பிப் பார்க்க வைக்கும். எண்ணோ அவரைத் திரும்பிப் போகவிடாது. நிலத்தில் நமக்கு உரிமை உண்டு என்று மேடைகளில் முழங்குகிறோம். அந்நிலம் இன்று எவ்வளவு என்று கேட்டால் விழிக்கிறோம். தன் காணியின் அளவறியாதவன் காணிக்காரனாக நெடுநாள் இருப்பதில்லை.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது நாம் கூட்டந்தோறும் கூறும் பழமொழி. அக்கொடி எங்கே வளர்கிறது? மேடையிலன்று, அலை வந்து தொடும் மணலில். ஒவ்வொரு கணுவிலும் வேர்விட்டு, பறக்கும் மணலைப் பிடித்துத் திட்டியாக்குவது அதன் தொழில். ஒரு கொடி ஒரு பிடி மணலைப் பிடிக்கும். ஆயிரம் கொடி ஒரு கரையைப் பிடிக்கும். கணுவுக்கு ஒரு வேர் போல மைலுக்கு ஓர் ஏடு என்று வரும் வாடைக்கு முன் தொடங்குவோம். முதற் பக்கத்தில் திகதியை இடுவோம். மற்றவை மாதந்தோறும் தாமே வந்து சேரும்.